நத்தையை ஏந்திய கை

சென்னை சென்ட்ரலில் மும்பை ரயில் கிளம்பியபோது பகல் பன்னிரண்டு ஆகவில்லை. 2003 ஜூலை, ஒரு புதன்கிழமை. புனே வரைக்கும் ஆயிரத்துத் தொண்ணூறு கிலோமீட்டர், படுக்கை வசதிக்கு முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். என் மடியில் ஒரு எவர்சில்வர் டிபன் டப்பா. அதில் சாப்பாடு இல்லை, பஞ்சில் சுற்றிய நத்தைகள்.

எதிர் இருக்கையில் புனே பக்கம் தேகு ரோடு வெடிமருந்துக் கிடங்கில் வேலை பார்க்கும் ஆற்காட்டுக்காரர் ஒருவர். அரக்கோணம் தாண்டியதும் புளியோதரையைப் பிரித்தார். என் டப்பாவை நான் திறக்காமலே வைத்திருந்தது அவருக்கு உறுத்தியிருக்க வேண்டும். பிரசாதமா என்று கேட்டார். நத்தை என்றேன். உயிரோடவா என்றார். செத்துப் பத்துக் கோடி வருஷம் ஆகிறது என்று சொன்னதும் இலையைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். ரேணிகுண்டாவில் எனக்கும் சேர்த்து டீ வாங்கினார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். திருச்சியில் ஒரு கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளர். முதுகெலும்பில்லாத பிராணிகள், அதாவது நத்தை, சிப்பி, கடல்முள்ளி போன்றவை, கல்லாகிப்போன பிறகு அவற்றைப் படிக்கிறவள். டைனோசர்காரர்களுக்குச் செய்தித்தாளில் படம் போடுவார்கள். எங்களுக்குப் போடமாட்டார்கள். ஒரு புது இனத்தைக் கண்டுபிடித்து, பெயர் வைத்து, கட்டுரை எழுதினால்தான் எங்களை மனிதராகவே மதிப்பார்கள். அந்த வருஷம் கல்லூரியில் விரிவுரையாளருக்கு அடுத்த படியான ரீடர் பதவி ஒன்று காலி. புது இனம் ஒன்று கையில் இருந்தால் அது எனக்குத்தான்.

இருந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்துப் பக்கம் களிமண் மேடுகளில் வெயிலில் குனிந்து குனிந்து நான் பொறுக்கிய நத்தைகள்தாம் டப்பாவில் இருந்தவை. கட்டைவிரல் அளவு, முதுகில் நெருக்கமான வரிகள். நுனியை மேலே நிறுத்தி வாயை நம் பக்கம் திருப்பினால், வாய் வலது பக்கம் இருக்கும். உலகத்தில் பெரும்பாலான நத்தைகளுக்கு அப்படித்தான். சங்கு வியாபாரிகள் வலம் இடம் சொல்லும் கணக்கு வேறு, அதை இங்கே இழுக்கவேண்டாம்.

சிக்கல் இதுதான். அதே காரையில் ஒரு கிணறு வெட்டியபோது கிடைத்ததென்று, அதே வரிகளோடு, அதே அளவில் ஒரு நத்தையைப் புனேயில் பேராசிரியராக இருந்த ஞானவேல் சார் 1993இல் ஏற்கெனவே வெளியிட்டிருந்தார். அவருடையதற்கு வாய் இடது பக்கம். இந்த ஒரே வித்தியாசம்தான். அவருடையது நிஜமாகவே இடவாய் நத்தை என்றால் என்னுடையது வேறு இனம், புது இனம், ரீடர் பதவி. இல்லையென்றால் என்னுடையது அவருடையதே. எங்கள் தொழிலில் முதலில் வைத்த பெயர்தான் செல்லும். அந்தப் பெயரும் எங்கோ ஓர் இழுப்பறையில் இருக்கிற ஒரே ஒரு மூலக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். என் கட்டுரையைப் பரிசீலித்த புண்ணியவான், மூலக் கல்லைப் பார்த்துவிட்டு வா என்று எழுதிவிட்டார்.

மூலக் கல் புனேயை ஒட்டிய போசரியில், சாரின் வீட்டில் இருந்தது. சார் இறந்து நாலு வருஷம். அவர் மனைவி சரோஜாம்மா போனில் வரச் சொன்னார். "வியாழக்கிழமை வாம்மா. வியாழக்கிழமைதான் நல்லா இருக்கும்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஆற்காட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் விழித்தார். "போசரிக்கா? வியாழக்கிழமை அங்க கரண்ட் இருக்காதே. ஃபேக்டரியெல்லாம் சுத்தமா பந்த். அன்னிக்குப் போயி என்னத்தப் பாப்பீங்க?"

வியாழன் காலை ஒன்பதரைக்குப் புனே. தூறல். குண்டக்கல்லில் விட்ட வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கட்டடம், நடைமேடை, மனிதர் முகம் எல்லாம் ஈரம். நடைமேடையில் ஐந்து ரூபாய்க்கு ஒரு வடாபாவ் தின்றுவிட்டு ரிக்ஷா பிடித்தேன். சங்கம் பாலம், கட்கி, தாபோடி, நாசிக் சாலை பிரியும் இடம் என்று பதினைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் சாலை வெட்டிய இடங்களில் கருங்கல் தெரிந்தது. எரிமலைக் குழம்பு ஆறிய கல். இந்த ஊரில் எவ்வளவு தோண்டினாலும் அதுதான். அதில் ஒரு சிப்பியோ நத்தையோ கிடைக்காது.

இந்தக் கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டுதான் ஞானவேல் சார் முப்பது வருஷம் கடல் நத்தைகளைப் படித்தார். கட்கியில் பீரங்கித் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன். அங்கேயே படித்து, அங்கேயே ஒரு கல்லூரியில் சேர்ந்து, ஒவ்வொரு டிசம்பர் விடுமுறைக்கும் அரியலூர்ப் பக்கம் ரயிலேறி மூட்டை மூட்டையாகக் கல் கொண்டுவந்தார். கடலில்லாத ஊரில் கடல் நத்தைக்காரன் என்று துறையில் கிண்டல் செய்வார்களாம். அவர் கட்டுரைகளைப் படித்துத்தான் நான் இந்தத் தொழிலுக்கே வந்தேன். ஆளை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. 1993க்குப் பிறகு ஏனோ அவர் ஒன்றுமே எழுதவில்லை.

போசரியில் ரிக்ஷா நின்றதும் முதலில் எனக்குத் தெரிந்தது சத்தமில்லாததுதான். இருபுறமும் தகரக் கூரைப் பட்டறைகள், எல்லாம் பூட்டு. ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. நடுவில் ஒரு சின்ன ஓட்டு வீடு. சரோஜாம்மா வாசலிலேயே நின்றார். அறுபத்தைந்து வயது இருக்கும், மெலிந்த உடம்பு, நைட்டிமேல் ஸ்வெட்டர்.

"ரிக்ஷாக்காரன் எவ்ளோ கேட்டான்?" என்பதுதான் முதல் வார்த்தை. நூற்றிருபது என்றேன். "ஐயோ, ரேட் கார்டு காட்டச் சொல்லலியா நீ? மீட்டருக்குக் கார்டு பாத்துத்தான் குடுக்கணும். மதராசிப் பொண்ணுன்னு ஏமாத்திட்டான் பாரு" என்று எனக்காக வருத்தப்பட்டார். உள்ளே போஹே என்கிற அவல் உப்புமாவும் டீயும் தயாராக இருந்தன. விளக்கு ஐந்து மணிக்குத்தான் வருமாம். மழை இருட்டு, பகல் பதினொரு மணிக்கு மெழுகுவத்தி எரிந்தது.

மகன் புனேயிலேயே பாணேர் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், பெரிய ஃப்ளாட், வந்துவிடு வந்துவிடு என்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சின் நடுவே பக்கத்து அறையில் 'டக்' என்று ஒரு சத்தம். சரோஜாம்மா "ம்" என்றார். கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்களே, அப்படி. பிறகு விட்ட இடத்திலிருந்து ஃப்ளாட்டைப் பற்றித் தொடர்ந்தார். சற்றுப் பொறுத்து இன்னொரு 'டக்'. இன்னொரு "ம்".

டீயைக் கீழே வைத்தேன். என்ன சத்தம் அது என்று கேட்டேன்.

"அவரு கல்லுங்க. மத்த நாள்ல பக்கத்துப் பட்டறைல தகடு அடிக்கிற பிரஸ் ஓடுது இல்ல, ஒண்ணும் கேக்காது. வியாழக்கிழமைதான் கேக்கும். அதான் ஒன்ன இன்னிக்கு வரச் சொன்னேன்" என்றார், சாதாரணமாக. அவர் போனபிறகுதான் இது ஆரம்பித்ததாம். பதில் சொல்லாவிட்டால் சத்தம் அதிகமாகிறதாம். மகனிடம் சொன்னதில்லை. சொன்னால் அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று பாணேருக்குக் கூட்டிப்போய்விடுவான், கற்களை அள்ளி எங்காவது கொட்டிவிடுவான் என்ற பயம்.

அந்த அறைக்குள் போனேன். கதவைத் திறந்ததும் தீக்குச்சி அணைத்த வாசனை, கூடவே ஒரு புளிப்பு. சுவரோடு சுவராக மர அலமாரி, வரிசையாக இழுப்பறைகள். வாசனையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கிணற்று ஆழத்துக் கருங்களியில் கிடைக்கும் நத்தைகள் வெறும் கல்லல்ல. இரும்பும் கந்தகமும் சேர்ந்து பொன் நிறத்தில் மின்னும். ஈரக்காற்று பட்டால் அது உள்ளேயே புளிக்கும். அமிலம் கசியும். உப்புப் பூத்துக் கல்லை உள்ளிருந்து பிளக்கும். அந்தப் பிளவுதான் சத்தம். இதையெல்லாம் அறிந்தவள் நான். அறிந்திருந்தும், என் முதுகுக்குப் பின்னால் ஒன்று 'டக்'கென்றபோது உடம்பெல்லாம் கூசியது. வாசலில் நின்ற சரோஜாம்மா "ம்" என்றார்.

நான் தேடி வந்த இடவாய் நத்தையின் இழுப்பறையை அவரே காட்டினார். அதன் முகப்பில் சாரின் கையெழுத்தில் அந்த இனத்தின் பெயர். கடைசிச் சொல்லைத் தொட்டுக் காட்டி, "இது நான்" என்றார். ஆமாம், சார் அந்த நத்தைக்கு மனைவியின் பெயரை வைத்திருந்தார். "நத்தைக்குப் போயா எம்பேரு கெடச்சுதுன்னு அப்ப சண்ட போட்டேன். இப்போ நெனச்சா..." என்று நிறுத்திக்கொண்டார்.

இழுத்தேன். பஞ்சு தீய்ந்த பழுப்பு நிறம். அதன் நடுவில் ஒரு சிட்டிகை சாம்பல் வெள்ளைப் பொடி. மூலக் கல் அவ்வளவுதான். விரலால் தொட்டுப் பார்க்கக்கூட மனம் வரவில்லை. எப்படி இவ்வளவு சீக்கிரம் என்று யோசித்துப் பார்த்தேன். படமெடுக்குமுன் நாங்கள் கல்லுக்கு வெள்ளைப் புகை காட்டுவோம். நவச்சாரத்தைச் சூடாக்கினால் வரும் புகை. அது மாவு போல் படிந்தால் ஒவ்வொரு வரியும் படத்தில் எடுப்பாகத் தெரியும். படம் எடுத்ததும் கழுவிவிட வேண்டும். சார் கழுவவில்லை. அந்த உப்பு ஈரத்தை இழுத்துவைத்து வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டது.

வெட்கமில்லாமல் ஒன்று சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கல் இல்லை. இடவாயா வலவாயா என்று இனி யாரும் திருப்பிப் பார்க்கமுடியாது. அச்சான படத்தில் இடது பக்கம் வாய், அதுவே சாட்சி. என் புது இனம் பிழைத்தது என்று நினைத்தேன்.

அப்போதுதான் சரோஜாம்மா எதிர்ச் சுவரைக் கையால் காட்டினார். சட்டம் போட்ட ஏதோ ஒன்று தொங்கியது. அதன்மேல் ஒரு பழைய துப்பட்டா போர்த்தியிருந்தது. "நீ படிச்சவ. இதப் பாத்து நீயே சொல்லு" என்று துணியை எடுத்தார்.

பெரிதாக்கிய கறுப்பு வெள்ளைப் படம். விரித்த ஒரு கை, விரல்கள் மேல்நோக்கி. உள்ளங்கையில் கறுப்பு வெல்வெட் துண்டு. மெழுகுவத்தி வெளிச்சத்தில் அது உள்ளங்கையில் ஒரு பள்ளம் போலத் தெரிந்தது. பள்ளத்துக்குள் வெள்ளை வெளேரென்று அந்த இடவாய் நத்தை. 1993 கட்டுரையில் வந்த அதே படம்தான். கட்டுரையில் கையை வெட்டிவிட்டு நத்தையை மட்டும் போட்டிருந்தார்கள்.

"அது அவரு கை இல்லம்மா" என்றார் சரோஜாம்மா.

கல் உடைக்கும்போது சுத்தியல் பட்டு சாருக்கு ஆட்காட்டி விரலின் நுனி போய்விட்டது. இடது கையில். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் இவர்தான். சார் இறந்து காரியம் முடியும்வரை இந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்திருக்கிறார். படத்தில் இருக்கும் கையிலும் ஆட்காட்டி விரல் குட்டை. கட்டைவிரலடியில் அதே மச்சம். ஆனால் அது வலது கை.

"அவருக்கு வலது கை நல்லாத்தான் இருந்திச்சு. அப்ப இது யாரு கை? அவர மாதிரியே வெட்டு, அவர மாதிரியே மச்சம்." குரலைத் தாழ்த்தினார். "நாலு வருஷமா இந்த வீட்ல அவர மாதிரியே இன்னொருத்தன் இருக்கான். உள்ள சத்தம் போடுறது அவருன்னு நெனச்சுதான் நான் பதில் சொல்றேன். ஒருவேள இவனோ?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தில் பாதி, புரிந்துபோனதில் பாதி.

கேமராவை நிறுத்திவைத்து, வலது கையால் பொத்தானை அழுத்தி, இடது கையில் நத்தையை ஏந்தியிருக்கிறார் சார். அது சாரின் இடது கையேதான். நெகடிவைப் பின்புறமாகத் திருப்பிப்போட்டுப் பிரதி எடுத்திருக்கிறார்கள். வெறும் கல்லின் படத்தில் இந்தத் தவற்றைக் கண்டுபிடிக்க முடியாது. மனுஷ முகமென்றால் வகிடு காட்டிக்கொடுக்கும். நத்தைக்கு எது வலம், எது இடம்? களிமண்ணோடு வந்த கல்லை ஒரே நாளில் கழுவி, படமெடுத்து, உள்ளே வைத்துவிட்டு, சார் படத்தைப் பார்த்தே கட்டுரையை எழுதியிருக்கிறார். பிறகு என்றைக்கோ சந்தேகம் வந்து இழுப்பறையைத் திறந்திருப்பார். பொடியைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு எழுதவே இல்லை. இது என் ஊகம்தான், ஆனால் அந்த அறையில் நின்றபோது அதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

கை திருப்பிப்போடப்பட்டது என்றால் நத்தையும் திருப்பிப்போடப்பட்டதுதான். இடவாய் நத்தை என்று ஒன்று கிடையாது. என் டப்பாவில் இருப்பது புது இனமும் கிடையாது.

எத்தனை சுலபம்! யாரோ மாணவன் கையாக இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாலை ரயிலைப் பிடிக்கலாம். கல் பொடியாகிவிட்டது, படம் இந்த வீட்டில் துணிக்கு அடியில் இருக்கிறது, உலகத்தில் ஒருத்தரும் கேட்கப்போவதில்லை. சரோஜாம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கெஞ்சல் இல்லை. எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார் என்பதுதான் தெரிந்தது. அலமாரி 'டக்'கென்றது. இந்த முறை அவர் உம் கொட்டவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"அம்மா, கண்ணாடி வெச்ச பீரோ இருக்கா?" என்றேன்.

படுக்கையறையில் இருந்தது. படத்தைக் கழற்றி எடுத்துப்போய்க் கண்ணாடிக்கு எதிரே பிடித்தேன். மெழுகுவத்தியோடு அவர் என் பக்கத்தில் நின்றார். கண்ணாடிக்குள் சட்டம், சட்டத்துக்குள் கை. கட்டைவிரல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. குட்டை விரல், மச்சம், எல்லாம் இடது கையில். வெல்வெட்டின் நடுவே என் நத்தை, வாய் வலது பக்கமாக. காரை மேட்டில் நான் குனிந்து பொறுக்கியதே அதுதான், ஒரு வரி பிசகாமல்.

சரோஜாம்மா கையை நீட்டிக் கண்ணாடியில் அந்தக் குட்டை விரலைத் தொட்டார். உள்ளிருந்து யாரோ கை நீட்டுவது போலவும் இவர் அதைப் பிடிப்பது போலவும் இருந்தது. அவர் அழுதார். "இவருதான்" என்றார். "இவரேதான்."

பிறகு டீ வைத்தார். நத்தைக்கு இனி என்ன ஆகும் என்று கேட்டார். இடவாய் என்று சார் எழுதியது தப்பு, அதைத் திருத்தி எழுதவேண்டியிருக்கும் என்றேன். எம்பேரு எடுத்துருவாங்களா என்றார். "இல்லம்மா. அது முதல்ல வச்ச பேரு, அதுதான் நிக்கும். கல்லு போயிட்டதால வேற கல்லு வைக்கணும். நான் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லி டப்பாவைத் திறந்து காட்டினேன். இருக்கிறதிலேயே நல்லதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் டப்பாவை மூடினேன். அந்த நேரத்தில் ரீடர் பதவியை நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

நாலரைக்குக் கிளம்பினேன். கார்டு பார்த்துக் காசு கொடு என்று தெருமுனைவரை வந்து சொன்னார். இந்த ரிக்ஷாக்காரர் கார்டின்படி எண்பத்திரண்டுதான் வாங்கினார். ரயில் தௌண்டு ஸ்டேஷன் தாண்டும்போது ஜன்னல் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. கடிகாரம் வலது கையில். எந்தக் கையில் கட்டியிருக்கிறேன் என்று ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டேன்.

ரீடர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நான் எழுதியது மூன்று பக்கத் திருத்தக் குறிப்பு. காரை நத்தைக்கு என் கல்தான் இப்போது மூலக் கல், பெயர் சரோஜாம்மாவுடையது. புனே ஈரத்தை நினைத்தால் திருச்சி வெயில் தேவலை. எங்கள் துறையின் இழுப்பறைகள் காய்ந்து கிடக்கின்றன, ஒரு சத்தமும் கிடையாது. புகை காட்டியபின் அந்தக் கல்லை மட்டும் நான் இரண்டு தடவை கழுவினேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம் சரோஜாம்மாவுக்குப் போன் செய்தேன். படத்தைப் பீரோவுக்கு எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டாராம். படத்தை அவர் பார்ப்பதில்லை, கண்ணாடியைத்தான் பார்க்கிறாராம். அன்று வியாழன் இல்லை. போனுக்குப் பின்னால் பிரஸ் இடித்துக்கொண்டிருந்தது. கற்களின் அமிலத்தை நிறுத்த வழி இருக்கிறது, மருந்து அனுப்புகிறேன், சத்தமும் நின்றுவிடும் என்றேன்.



"நிக்க வேணாம்மா" என்றார். "இப்பத்தான் யாருன்னு தெரிஞ்சுபோச்சே."